நடக்க முடியாத தந்தை, தூக்க முடியாத தாய்: தண்டுவடக் காயமும் குழந்தை வளர்ப்பும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையும், விக்கிரவாண்டி வட்டாரத்தில் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் ஓங்கி நிற்கும் பனை மரங்களும் அப்பகுதி மக்களுக்குப் பிழைப்புத் தருபவை. முதுகுத் தண்டுவடக் காயம் நேரும் இடங்களும் பெரும்பாலும் அவையே. இருசக்கர வண்டியில் வேலைக்குப் போய்த் திரும்புகையில் விபத்தில் சிக்கியவர், பதநீர் இறக்க ஏறிய மரத்திலிருந்து தவறி விழுந்தவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து வீழ்ந்தவர் என்று இக்காயத்துக்கு உள்ளாவோரில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். அவர்களில் பலர் சிறு பிள்ளைகளின் பெற்றோர். மருத்துவமனையில் உறவினர் முதலில் கேட்கும் கேள்வி அவர் மறுபடி நடப்பாரா என்பது. அடுத்த கேள்வி குடும்பத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்பது. அவர் தம் பிள்ளைகளை இனி எவ்வாறு வளர்ப்பார் என்ற மூன்றாவது கேள்வியை மருத்துவரும் கேட்பதில்லை, உறவினரும் கேட்பதில்லை. “அவரையே பாத்துக்க ஒரு ஆள் வேணும், இதுல புள்ளைய எங்க பாக்கறது” என்னும் பேச்சோடு அந்தக் கேள்விக்கு விடை சொல்லியாயிற்று என்று எல்லாரும் கருதிவிடுகின்றனர். அந்த விடை தவறானது. அதனால் காயமுற்றவர் மட்டுமன்றி, அவருடைய பிள்ளைகளும் இழப்புக்கு ஆளாகின்றனர்.

காயம் எதைப் பறிக்கிறது

மூளையின் அடியிலிருந்து முதுகெலும்பின் உட்குழல் வழியாக இடுப்பின் மேற்பகுதி வரை, வளர்ந்த மனிதரில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்கிவரும் நரம்புத் திரளே தண்டுவடம். கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதன் கீழ் 6 என 31 இணை நரம்புகள் அதிலிருந்து கிளைத்து, மூளையின் கட்டளைகளைத் தசைகளுக்கும் உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் கொண்டுசெல்கின்றன. முதுகெலும்பு நொறுங்கியோ நழுவியோ தண்டுவடத்தை நசுக்கும்போது, அந்த மட்டத்துக்குக் கீழே இயக்கமும் தொடு உணர்வும் பகுதியாகவோ முழுமையாகவோ நின்றுபோகின்றன. காயம் மார்பு மட்டத்திலோ அதற்குக் கீழோ அமைந்தால் கைகள் நலமாயிருக்க, கால்கள் மட்டும் செயலிழக்கும். இதைக் கீழுடல் முடக்கம் அல்லது பாராபிளீஜியா என்பர். கழுத்து மட்டத்தில் அமைந்தால் கைகளும் பாதிக்கப்படும். இது நாலுறுப்பு முடக்கம் அல்லது குவாட்ரிபிளீஜியா எனப்படும்.

நடை போவது வெளியே தெரியும் இழப்பு. ஒருவருடைய அன்றாடத்தை ஆட்டிவைப்பவை வெளியே தெரியாத இழப்புகள். சிறுநீர்ப்பையும் மலக்குடலும் தம் கட்டுப்பாட்டை இழப்பதால், நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடிக்க வேண்டியிருக்கிறது. காலையில் மலம் கழிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். உணர்வற்ற தோல் நெடுநேரம் அழுந்தினால் படுக்கைப்புண் வந்துவிடும் என்பதால், சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றி அமரவும், படுத்திருப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கவும் வேண்டும். காயத்துக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரக்காமையால் கத்திரி வெயிலில் உடல் கொதித்துப்போவதும் உண்டு. குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது இவற்றையெல்லாம் கணக்கில் கொள்ள வேண்டும். ஏனெனில் இக்காயமுற்ற பெற்றோருக்கு முதலில் பற்றாக்குறையாவது நேரம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை, இக்காயமுற்றோரில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் விரைவிலேயே இறந்துபோயினர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய தனிப்பிரிவு, முறையான பராமரிப்பும் பயிற்சியும் இருந்தால் அவர்கள் நெடுங்காலம் வாழ முடியும் என்பதை நிறுவியது. தமிழகத்தில் அந்த வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் சாலை விபத்தில் கீழுடல் முடங்கிய அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே அடித்தளமாக நின்றார். உயிர் பிழைப்பதும் நெடுங்காலம் வாழ்வதும் இயல்வதான பிறகு, எத்தகைய வாழ்க்கை வாழ்வது என்னும் கேள்வி தானே எழுகிறது. பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் அந்தக் கேள்வியின் நடுவே இருப்பவை.

பிள்ளைப்பேறு பற்றிய தவறான முடிவுகள்

தண்டுவடம் பாதித்த பெண் கருத்தரிக்க முடியாது என்று ஊரில் பரவலாக நம்பப்படுகிறது. உண்மையில் காயத்தின் அதிர்ச்சியால் சில மாதங்கள் நின்றுபோகும் மாதவிடாய் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடுகிறது. அதன் பின் கருத்தரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ முன்போலவே இருக்கிறது. கருவைச் சுமக்கும் காலத்தில் சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், கால் சிரைகளில் இரத்தம் உறைதல் ஆகியவை கூடுதலாக வரக்கூடும் என்பதாலும், வலியுணர்வு இல்லாமையால் பிரசவம் தொடங்கியதே தெரியாமல் போகக்கூடும் என்பதாலும், கடைசி மாதங்களில் அடிக்கடி பரிசோதனை தேவைப்படுகிறது.

இவற்றுள் மருத்துவரும் செவிலியரும் முதலில் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. காயம் ஆறாவது மார்பு நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், நிரம்பிய சிறுநீர்ப்பையோ பிரசவ வலியோ தூண்டிவிட, இரத்த அழுத்தம் திடீரென உச்சத்துக்கு ஏறி, கடும் தலைவலியும் முகச் சிவப்பும் வியர்வையும் தோன்றும். தன்னியக்க நரம்பு மிகை எதிர்வினை எனப்படும் இந்நிலையைக் கர்ப்பகால இரத்தக் கொதிப்பு என்று தவறாகக் கொண்டால் தாயின் உயிருக்கே ஆபத்து நேரும். முதுகுத் தண்டில் செலுத்தப்படும் மயக்க மருந்தால் இதைத் தடுக்க முடியும். தண்டுவடக் காயம் மட்டுமே அறுவைப் பிரசவத்துக்குக் காரணமாகிவிடாது. பலருக்கு இயல்பான பிரசவம் இயலும். தாய்ப்பால் கொடுக்கவும் முடியும். மேல்மார்பு அல்லது கழுத்து மட்டக் காயமுள்ள சிலருக்கு மட்டும் பால் சுரந்து வெளிவரும் தூண்டல் குறையக்கூடும்.

ஆண்களின் நிலை வேறு. விறைப்பும் விந்து வெளிப்படுதலும் நரம்புகளைச் சார்ந்தவை என்பதால் பெரும்பாலோருக்கு இயல்பான முறையில் குழந்தை பெறுவது கடினமாகிறது. எனினும் அதிர்வுக் கருவி, மின்தூண்டல், விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுத்தல் ஆகிய வழிகளோடு செயற்கைக் கருவூட்டலும் சேரும்போது தந்தையாவது இயலுகிறது. இச்செய்தி பல இணையரை எட்டுவதே இல்லை. கூச்சத்தால் அவர்கள் கேட்பதில்லை, கேளாததால் மருத்துவர் சொல்வதில்லை. இதனால் அவர்களுடைய இளமை வீணே கழிந்துபோகிறது.

தரைமட்டத்திலிருந்து ஒரு குழந்தை

கைக்குழந்தையை வளர்ப்பதில் தண்டுவடம் பாதித்த பெற்றோருக்குச் சிக்கலாக நிற்பவை தூக்குதல், சுமத்தல், குளிப்பாட்டுதல் ஆகிய மூன்றுமே. கொஞ்சுதல், பேசுதல், ஊட்டுதல், உறங்கவைத்தல் ஆகியவற்றுக்குக் கால்கள் தேவையில்லை. மேலைநாடுகளில் இதற்கென்று பக்கவாட்டில் திறக்கும் தொட்டில்களும் சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் மேசைகளும் செய்கின்றனர். அமெரிக்காவின் பெர்க்லியில் 1982-இல் தொடங்கப்பட்ட ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ என்னும் அமைப்பு இத்துறையில் முன்னோடி. உடற்குறையுள்ள தாய்மார் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் விதத்தைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, மிகச் சிறு குழந்தைகளும் தாயின் உடல்நிலைக்கு ஏற்பத் தம்மைப் பழக்கிக்கொண்டு, அவள் தூக்கும் நேரத்தில் அசையாமல் ஒடுங்கி ஒத்துழைப்பதை அது கண்டது.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத விழுப்புரத்து வீடுகளுக்கு, அவற்றின் பணியைச் செய்யக்கூடியவை பழக்கத்திலேயே இருக்கின்றன. உத்தரத்தில் புடவையால் கட்டும் தூளியைச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் மடி உயரத்துக்கு இறக்கிக் கட்டினால், குனியாமலே குழந்தையைத் தூக்கவும் கிடத்தவும் ஆட்டவும் முடியும். நாலுறுப்பு முடக்கமுள்ள தாயோ தந்தையோ தூளியின் கயிற்றை முழங்கையில் மாட்டி ஆட்டலாம். தரையில் பாய் விரித்து வாழும் வழக்கமும் இங்கே உதவியாகிறது. கைகள் நலமாயிருக்கும் பெற்றோர் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி ஏறப் பயிற்சி பெற்றுவிட்டால், துணி மாற்றுவதும் எண்ணெய் தேய்ப்பதும் உணவூட்டுவதும் விழும் அச்சமில்லாத தரையிலேயே நடக்கும். தவழும் குழந்தையின் காலில் கட்டும் சலங்கைக் கொலுசு, எழுந்து போய்ப் பார்க்க இயலாதவருக்குக் குழந்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஒலியால் காட்டுகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தையை நாற்காலியின் கால்மிதியில் ஏறி மடிக்கு வரப் பழக்கலாம். கூப்பிட்டால் உடனே வந்துவிட வேண்டும் என்ற ஒழுங்கை, ஓடிப் பிடிக்க முடிந்த பெற்றோரைவிட இவர்கள் முன்னதாகவே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பில் சில விதிகளை மீறவே கூடாது. உணர்வற்ற தொடை சூட்டை அறியாது என்பதால், சூடான பால் பாத்திரத்தையோ வடித்த கஞ்சியையோ மடியில் வைத்து நாற்காலியை உருட்டக் கூடாது. குளிப்பாட்டும் நீரின் சூட்டைக் காலால் அன்றி, உணர்வுள்ள முழங்கையாலோ கன்னத்தாலோ பார்க்க வேண்டும். தசை இறுக்கத்தால் கால்கள் திடீரெனத் துள்ளும்போது மடியிலிருக்கும் குழந்தை நழுவிவிடும் என்பதால், ஒரு துண்டாலோ பட்டையாலோ குழந்தையைத் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தை மடியில் உறங்கிவிட்டாலும், எடையை மாற்றி அமரும் நேரத்தைத் தவறவிடலாகாது. இப்படி ஒருமுறை தவறுவதாலும் ஒரு புண் தொடங்கலாம், அப்புண் ஆற மாதங்கள் ஆகலாம், அத்தனை மாதமும் அப்பெற்றோர் குழந்தையை விட்டுக் குப்புறப் படுத்திருக்க வேண்டியிருக்கும்.

செய்வது வேறு, பொறுப்பேற்பது வேறு

கழுத்து மட்டத்தில் காயமுற்றவர் மேற்கூறியவற்றுள் பலவற்றைத் தம் கையால் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் குழந்தை வளர்ப்பு என்பது கைவேலைகளின் தொகுப்பு மட்டும் அன்று. எது நல்லது என்று தீர்மானிப்பதும், கண்டிப்பதும், தேற்றுவதும், கேட்பதும் அதன் உயிர்ப்பகுதி. பாட்டி சோறூட்டலாம், எப்போது, எவ்வளவு என்பதைத் தாய் சொல்லலாம். சித்தப்பா பள்ளிக்கு அழைத்துப் போகலாம். மதிப்பெண் அட்டையைப் பார்த்துப் பேசுபவர் தந்தையாக இருக்கலாம். கூட்டுறவு மிக்க கிராமத்துக் குடும்பங்களில் உதவிக்குக் கைகள் கிடைக்கின்றன. ஆனால் உதவ வந்த கைகளோடு முடிவெடுக்கும் உரிமையும் போய்விடுகிறது. படுத்திருக்கும் தந்தையிடம் கேளாமலே பிள்ளையின் பள்ளி மாற்றப்படுகிறது, மகளின் திருமணம் பேசப்படுகிறது. அவர் கண்டித்தால் வீட்டில் உள்ளவர்களே குறுக்கிட்டுத் தடுக்கின்றனர். இதைக் காணும் பிள்ளை, தந்தையின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதைப் பெரியவர்களிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. “அப்பாவக் கேட்டுட்டு வா” என்று பிள்ளையை அவரிடம் அனுப்பும் சிறு வழக்கம், அவ்வீட்டில் அவருடைய இடத்தைத் திருப்பித் தருகிறது.

இத்தகைய பெற்றோரிடம் வளரும் பிள்ளைகள் மனத்தளவில் குறைபடுவார்கள் என்ற அச்சத்தை ஆய்வுகள் ஏற்கவில்லை. தண்டுவடம் பாதித்த தந்தையரின் பிள்ளைகள் பற்றி பிரான்சிஸ் பக், ஜார்ஜ் ஹோமன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வும், தாய்மார் பற்றி 2002-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வும், அப்பிள்ளைகள் பிற பிள்ளைகளைப் போலவே நன்முறையில் வளர்ந்திருப்பதைக் கண்டன. இந்தியாவில் அனைவரும் அறிந்த சான்று தீபா மலிக். 1999-இல் தண்டுவடக் கட்டிக்கான அறுவை மருத்துவத்துக்குப் பின் மார்புக்குக் கீழே உடல் முடங்கியபோது அவர் இரண்டு சிறு பெண் குழந்தைகளின் தாய். கணவர் இராணுவ அதிகாரி. அந்தப் பெண்களை வளர்த்துக்கொண்டே அவர் விளையாட்டுக்கு வந்து, 2016 ரியோ பாராலிம்பிக்கில் குண்டெறிதலில் வெள்ளி வென்று, பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். பதக்கம் வெல்லாத ஆயிரக்கணக்கான பெற்றோரும் அதே வளர்ப்புப் பணியை அவருக்குக் கிடைத்த வசதிகள் எதுவும் இல்லாமல் செய்துவருகின்றனர் என்பதையும் சேர்த்தே அந்தச் சான்றைக் கருத வேண்டும்.

பிள்ளை தாதியாகும் ஆபத்து

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. குடும்பத்துக்கு வெளியே பராமரிப்பு உதவி கிடைக்காத இடத்தில், மனைவி கூலிக்குப் போனதும் அந்த வேலை பிள்ளைகளின் மீது, குறிப்பாக மூத்த மகளின் மீது விழுகிறது. தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், நாற்காலியை வாசல் வரை தள்ளுவதும் எந்தப் பிள்ளைக்கும் தகுந்த உதவியே. அவை அன்பையும் பொறுப்பையும் வளர்க்கும். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மலம் எடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவை பிள்ளையின் வேலைகள் ஆகா. அவற்றைச் செய்ய நேரும்போது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான முறை தலைகீழாகிறது. பெற்றோரின் மானமும் பிள்ளையின் படிப்பும் ஒன்றாகப் பலியாகின்றன. ஆகவே, பிள்ளை வளர்ப்புக்கு முதல் உதவி என்பது பெற்றோர் தம் உடலைத் தாமே பேணிக்கொள்ளப் பெறும் பயிற்சியே ஆகும். தாமே குழாய் செலுத்திக்கொள்ளக் கற்ற தந்தை, அதன்மூலம் தம் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கிறார்.

சட்டமும் சாய்தளமும்

2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்று, 2007-இல் இந்தியா ஏற்புறுதி அளித்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, பெற்றோரின் உடற்குறையைக் காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்பதோடு, குழந்தை வளர்ப்புப் பொறுப்பை நிறைவேற்ற அரசு தக்க உதவி அளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதன் வழிவந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒப்புதலின்றிக் கருத்தடை செய்வதை 10-ஆம் பிரிவில் தடுக்கிறது. 24-ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிப் பெண்களின் வாழ்வாதாரத்துக்கும் அவர்களுடைய பிள்ளைகளின் வளர்ப்புக்கும் ஆதரவு தரும் திட்டங்களை எதிர்பார்க்கிறது. இப்பிரிவு தாய்மாரை மட்டுமே கூறுவது ஒரு குறை. காயமுற்றோரில் பெரும்பாலோர் ஆண்களாயிருக்க, தந்தை என்பவர் பிள்ளை வளர்ப்பவரல்லர், வருமானம் கொணர்பவர் மட்டுமே என்ற பழைய எண்ணம் சட்டத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது.

வசதிகளைப் பொறுத்தவரை விழுப்புரமும் திண்டிவனமும் முற்றிலும் கைவிடப்பட்ட இடங்கள் அல்ல. இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலையோரத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் அதே நெடுஞ்சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. திருவண்ணாமலையில், 1998-இல் புதுச்சேரிக் கடலில் நேர்ந்த காயத்தால் கழுத்துக்குக் கீழே முடங்கிய முன்னாள் கிரிக்கெட் வீராங்கனை பிரீத்தி சீனிவாசன் நிறுவிய சோல்ஃப்ரீ அமைப்பு, தண்டுவடம் பாதித்தோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேறு நோக்கத்துக்காக வந்த காலை உணவுத் திட்டமும், காலைப் பொழுதெல்லாம் தம் உடலுக்கே செலவாகும் பெற்றோரின் பிள்ளைகள் பசியோடு வகுப்பில் அமராமல் காக்கிறது.

இவற்றுள் எதுவும் நோயாளியைப் பெற்றோராகப் பார்த்துத் தொடங்கப்பட்டதன்று என்பதே எஞ்சி நிற்கும் குறை. மருத்துவமனையை விட்டு அனுப்பும்போது, வீட்டில் எத்தனை வயதில் எத்தனை பிள்ளைகள் இருக்கின்றனர், அவர்களை யார் கவனிப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை. இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வரும்போது, கைகால் பயிற்சியோடு குழந்தையைத் தூளியிலிருந்து மடிக்கு எடுக்கும் பயிற்சியையும் சேர்த்துத் தரலாம். பள்ளியின் சாய்தளம் மாணவருக்காகக் கட்டப்பட்டது என்றாலும், பெற்றோர் கூட்டத்தைத் தரைத்தளத்தில் நடத்தினால் நாற்காலியில் வரும் தந்தைக்கும் அது பயன்படும். பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அந்த இடங்களுள் ஒன்றில் தண்டுவடம் பாதித்த தாய் அமரலாகாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பேருந்தின் உயர்ந்த படிகள் அவரைத் தடுக்குமானால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அவருக்குப் பெற்றுத் தருவது உள்ளாட்சியினர் செய்யக்கூடிய உதவி.

தண்டுவடக் காயம் ஒருவருடைய கால்களையும் சில வேளைகளில் கைகளையும் பறிக்கிறது. பெற்றோர் என்ற இடத்தை அவரிடமிருந்து பறிப்பவர்கள் சுற்றியிருப்பவர்களே. காயத்தை மாற்றும் மருத்துவம் இன்னும் வரவில்லை. சுற்றியிருப்பவர்கள் மாறுவதற்கு விழுப்புரமும் திண்டிவனமும் மருத்துவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.